சாக்பீஸால் பிரித்த வீடு

விவாகரத்து என்றால் வீட்டை நட்டநடுவே இரண்டாக வெட்டிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோர்ட்டிலிருந்து யாரோ ஒருவர் வருவார், வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், கோடு கிழிப்பார், இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் வீட்டம்மாவுக்கு என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். இதுதான் என் சட்ட ஞானம். ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, தலையில் பாதி முடி, வாயில் முழு ஜோக்கு.

என் தொழில் அப்படிப்பட்டது. ஆம்பூரில் ஒரு கூட்டாளியோடு சின்ன யூனிட் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகள் தோலைக் கொடுக்கும். நாங்கள் ஷூவின் மேல்பாகத்தை மட்டும் வெட்டித் தைத்துத் திருப்பிக் கொடுப்போம். அதற்கு முன்னால் பல வருடம் தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தேன். ஆட்டுத் தோல் சின்னது, முழுசாகவே வரும். மாட்டுத் தோல் பெரிது. அதை முதுகெலும்பு ஓடின கோட்டின் வழியாக நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பாதிக்கும் சைடு என்று பெயர். இரண்டு சைடும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தரம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உலகத்தில் எதைப் பிரித்தாலும் இப்படித்தான் பிரிப்பார்கள் என்று என் மூளையும் அந்தத் தொட்டியிலேயே ஊறிப் பதமாகிவிட்டது.

ஆகவே என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியிலிருந்து எடுத்து வந்த துணியை மடித்துக்கொண்டே, "நாம பிரிஞ்சிடலாம்னு இருக்கேன்" என்று சொன்னபோது நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

"யாரு?" என்று கேட்டேன்.

"நாமதான். நீங்களும் நானும்."

"இன்னா, சண்டையா?"

"சண்டை எதுவும் இல்ல. யோசிச்சுதான் சொல்றேன்."

என் பனியனை மடித்து என் பக்கமே வைத்தாள். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை கண்டுபிடித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அது எனக்குத் தெரியும். எழுந்து போய், எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்கு முதுகெலும்பு எங்கே ஓடுகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் சாக்பீஸுக்குப் பஞ்சமே கிடையாது. அவள் கரும்பலகையில் எழுதுகிறவள், நான் தோலில் குறி போடுகிறவன். அவள் ஸ்கூலுக்குப் போன நேரமாகப் பார்த்து, வாசற்படியிலிருந்து பின்கட்டு வரைக்கும் அங்கங்கே சின்னச் சின்னதாகக் குறி போட்டுக்கொண்டே போனேன். ஹால் ஒழுங்காகப் பிரிந்தது. சமையலறையில் கோடு அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் போயிற்று. அடுப்பு எனக்கு, தொட்டி அவளுக்கு. சரி, நான் சமைப்பேன், அவள் கழுவுவாள் என்று நினைத்துக்கொண்டேன். பிரிந்த பிறகு எதற்கு அவள் என் பாத்திரத்தைக் கழுவப் போகிறாள் என்பது அப்போது தோன்றவில்லை. பின்கட்டுக்குப் போனதும்தான் பகீரென்றது. கக்கூஸ் முழுக்க அவள் சைடில் இருந்தது.

மறுநாள் ரயிலைப் பிடித்து ஆம்பூர் போனேன். யூனிட்டில் என் கூட்டாளி பாய், தையல் மிஷின் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திருகாணியைக் கீழே வைத்தார்.

"இன்னா தோஸ்த், மூஞ்சி ஊறவெச்ச தோலாட்டம் கெடக்கு?"

சொன்னேன். டீ வரவழைத்தார்.

"அண்ணி நல்லவங்களாச்சே."

"அதான் பாய் பேஜாரு. கெட்டவளா இருந்தா காரணமாவது தெரியும்."

"வீடு?"

"ஆளுக்குப் பாதி. ஆனா கக்கூஸ் அவ பக்கம் போயிடுது. அது ஒண்ணுதான் யோசனை."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீடு யார் பேர்ல இருக்குது?"

"பேரு அவ பேருதான்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களைப் போல் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவனுக்கு எப்போது அடி விழும் என்று சொல்ல முடியாது. தையல் கோணல் என்று ஒரு லாட்டுச் சரக்கைக் கம்பெனி தள்ளிவிட்டால் தோலின் விலை முழுக்க நம் தலையில் விடியும். அதற்குப் பயந்து, யூனிட் வைத்திருக்கிற அத்தனை பேரும் வீடு, மனை, எல்லாவற்றையும் பெண்டாட்டி பேரில் வாங்குவார்கள். நாளைக்கு எவன் வந்து நின்றாலும் "என்கிட்ட ஒண்ணும் இல்ல சார்" என்று கையை விரிக்கலாம். ஊரில் இதற்குப் பெயர் முன்யோசனை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நான் இதைப் பற்றிப் பாடமே எடுப்பேன். பெண்டாட்டியிடமிருந்து வீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்ற பாடம் மட்டும் என்னிடம் இல்லை.

பாயின் வீடும் அவர் மனைவி பேரில்தான் இருந்தது. அன்றைக்கு சாயங்காலம் அவர் வழக்கமில்லாத வழக்கமாக ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

போவதற்கு முன் என்னை எங்கள் யூனிட் வக்கீலிடம் அழைத்துப் போனார். வக்கீல் பார்ப்பதெல்லாம் செக் கேஸும் சரக்குத் தகராறும். அவர் அலமாரியில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ஒற்றைக் கால் ஷூக்கள் நிறைய இருக்கும். எல்லாம் சாட்சிப் பொருள்கள். அவற்றின் ஜோடிகள் எந்தக் கோர்ட்டில் இருக்கின்றனவோ. அன்றைக்கு அவற்றைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க ஓனர், எந்தக் கம்பெனி மேல கேஸ்?"

"என் வீட்டம்மா சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். எல்லாம் சொன்னேன், கக்கூஸ் உட்பட. அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாதி பாதின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எனக்கே தெரியும்."

"நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டமே கெடையாது. வெளிநாட்டுல சில எடத்துல உண்டு. இங்க பத்திரம் யார் பேர்ல இருக்கோ, சொத்து அவங்களுது. ரெண்டு பேர் பேர்லயும் இருந்தா ரெண்டு பேருக்கும் பங்கு. அவங்க நகை, அவங்க வீட்ல போட்ட சீரு, அது எப்பவும் அவங்களுக்குத்தான். ஜீவனாம்சம்ங்கறது வேற கணக்கு. அதையும் சொத்தையும் போட்டுக் கொழப்பக்கூடாது."

நான் அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன். "அப்ப வீடு என் பேர்ல இருந்திருந்தா எனக்கா?"

"உங்களுக்குத்தான். அப்பவும் அவங்கள ஒடனே வெளிய தள்ளிட முடியாது. குடியிருக்கற உரிமை பொம்பளைங்களுக்கு உண்டு."

"எனக்கு அந்த உரிமை?"

"அந்தச் சட்டம் பொம்பளைங்களுக்குப் போட்டது சார்."

பாய் குறுக்கே வந்தார். "வீடு இவன் கட்டுனது வக்கீல் சார். பேருக்குத்தான் அண்ணி பேரு."

"கேஸ் போடலாம்" என்றார் வக்கீல். "சொந்தக் காசுல பொண்டாட்டி பேர்ல வாங்கறத சட்டம் தப்புங்கல. ஆனா காசு முழுக்க என்னுது, நெஜ ஓனர் நான்தான்னு நீங்க நிரூபிக்கணும். சரி, எதுக்கு அவங்க பேர்ல வாங்குனீங்கன்னு ஜட்ஜ் கேட்டா இன்னா சொல்வீங்க?"

"கம்பெனிக்காரன் புடுங்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு."

"இத கோர்ட்ல சொல்லுவீங்களா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஒற்றைக் கால் ஷூவைப் பார்த்தார்.

வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்தப் பழைய லாட்டு ரிஜெக்ட் ஆனப்ப உங்களுக்கு நோட்டீஸ் வந்துது, ஞாபகம் இருக்குதா? பதில் நான்தான் அனுப்புனேன். 'மேற்படி வீட்டில் என் கட்சிக்காரருக்கு எவ்வித உரிமையும் கிடையாது, அது அவர் மனைவியின் தனிச் சொத்து.' நான் எழுதுனேன், நீங்க படிச்சிப் பாத்து, சூப்பர் சார்னு கைய குடுத்தீங்க."

கொடுத்தேன். அதற்கு முந்தின வாரம் அந்தக் கம்பெனி ஆள் எங்கள் வீட்டு கேட்டிலேயே வந்து நின்றபோது, "வீடு என் வீட்டம்மாவோடது சார், நான் சும்மா தங்கியிருக்கறவன்" என்று வேறு சொன்னேன். பின்னால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்ட பெருமையில் அந்த வசனத்தை நான் பிறகு பல பேரிடம் சொல்லிக்காட்டினேன். அவள் சாட்சிக்கு அலைய வேண்டியதே இல்லை.

"இந்தச் சேர்ல உக்காந்து இதே கதைய சொல்றது வழக்கமா பொம்பளைங்க சார்" என்றார் வக்கீல். "வீடு அவர் பேர்ல, நான் பொங்கிப் போட்டேன், புள்ள வளத்தேன், எனக்கு இன்னா மிச்சம்னு அழுவாங்க. ஆம்பள வந்து உக்காந்து இப்பதான் பாக்கறேன். ஜீவனாம்சம் வேணா நீங்க கேட்டுப் பாக்கலாம். அவங்க கவர்மெண்ட் சம்பளக்காரங்க. ஆம்பள கேக்கறதுக்கும் எடம் இருக்குது. யூனிட்டு வெச்சிக்கினு கேட்டா ஜட்ஜ் இன்னா நெனைப்பாருன்னு நான் சொல்லணுமா?"

"கேளு தோஸ்த்" என்றார் பாய். "மாசா மாசம் அண்ணி கையால வாங்கிக்கினு வரலாம்."

கடைசியாக வக்கீல் ஒன்று சொன்னார். கேஸை ஆம்பூரில் போட முடியாதாம். கல்யாணம் எங்கே நடந்தது, கடைசியாகச் சேர்ந்து எங்கே வாழ்ந்தோம், மனைவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பார்களாம். மூன்றுக்கும் என் பதில் வேலூர்தான். குடும்ப நல கோர்ட் வேலையே பார்க்கிற வக்கீலை அங்கேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பழைய பதில் எதிர்க்கட்சி கைக்குக் கிடைத்தால், அதில் கையெழுத்துப் போட்ட தானே ஆஜராவது அசிங்கம் என்றார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று நான் ரயிலேறி ஆம்பூர் வந்து சட்டம் கேட்டேன். கோர்ட்டோ என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

சத்துவாச்சாரியில் நான் தினமும் கடந்து போகிற தெருவிலேயே ஒரு வக்கீலம்மாவின் போர்டு உண்டு. குடும்ப வழக்குகள் என்று பச்சை எழுத்தில் இருக்கும். அடையாளம் தெரியக்கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படி ஏறினேன். கீழே தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர், "இன்னா சார், வக்கீலம்மாவ பாக்கவா? இருக்காங்க, போங்க" என்றார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் கேன் போடுகிறார். ஹெல்மெட் தலைக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

வக்கீலம்மா மரியாதையாக உட்காரச் சொன்னார். என் பெயர் கேட்டு எழுதினார். மனைவி பெயர் கேட்டார். சொன்னேன். எந்த ஸ்கூல் என்று கேட்டார். சொன்னேன். பேனா நின்றது. எழுதின தாளைக் கிழித்து மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இந்தக் கேஸ் நான் எடுக்க முடியாதுங்க. வேற வக்கீலப் பாருங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே மேடம்?"

"சொல்லவே வேணாம். சொல்லாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

"ஏன் மேடம்? அவ்ளோ மோசமா?"

"காரணம் சொல்லக்கூடாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். தோலை மேசையில் விரித்த மாத்திரத்தில், தொட்டுக்கூடப் பார்க்காமல் ரிஜெக்ட் என்று ஒதுக்குகிற சில ஆட்களை எனக்குத் தெரியும். நானே அப்படி ஒதுக்கியிருக்கிறேன். அப்படி ஒதுக்கினால் அந்தத் தோல் அழுகல் என்று அர்த்தம். என் கேஸ், பெயரைக் கேட்டதுமே நாறுகிற கேஸ். அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சாப்பிட்டதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. காலையில் வீட்டை என் தம்பிக்கு எழுதி வைத்துவிடலாமா என்று யோசிப்பேன். மத்தியானம், என் பேரில் இல்லாத வீட்டை நான் எப்படி எழுதி வைப்பது என்று நினைவு வரும். சாயங்காலம் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து யோசிப்பேன். நடுவில் அவள் வழக்கம்போல் இட்லி அவித்தாள், கரண்ட் போனபோது என்னிடம் டார்ச் கேட்டாள். பிரியப்போகிறவர்கள் டார்ச் கேட்பார்களா? அதுவும் புரியவில்லை.

அடுத்து வந்த லீவு நாள் காலையில் சிலிண்டர் மாற்றினாள். பழைய சிலிண்டரை உருட்டிய இடத்தில் என் சாக்பீஸ் குறி பளிச்சென்று தெரிந்தது.

"இது இன்னா கோடு?"

"எறும்பு மருந்து."

"எறும்பு மருந்துல எதுக்கு அம்புக்குறி?"

அவள் குறிகளைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். சமையலறை, ஹால், வாசற்படி. திரும்பப் பின்கட்டு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். வந்து நின்றாள்.

"வீட்ட ரெண்டா பிரிச்சீங்களா?"

"சும்மா ஒரு இதுக்கு."

"சமமா வரல. ஹால் உங்க பக்கம்தான் அகலம் ஜாஸ்தி."

கணக்கு டீச்சர். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீலம்மா விரட்டிய கதை என்னையும் அறியாமல் வாயில் வந்தது. என் கேஸைத் தொடவே மாட்டேன் என்றார்கள், அவ்வளவு கேவலமான புருஷனா நான் என்று கேட்டேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"பச்ச போர்டா?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவங்களத்தான் வெச்சிருக்கேன். மழைக்கு முன்னாடியே போய் எல்லாம் கேட்டுட்டு வந்துட்டேன். ஒரே வக்கீல் ரெண்டு பேருக்கும் எப்படிங்க வருவாங்க?"

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. என் கேஸ் அழுகல் இல்லை, நான் லேட், அவ்வளவுதான். அந்த நிம்மதி ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருந்தது. மழைக்கு முன்னால் என்றால், அதற்குப் பிறகு நாங்கள் ஏலகிரிக்கு ஒருமுறை போய் வந்திருந்தோம். அங்கே படகில் நான் அடித்த ஜோக்குக்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது?

"வீடு எனக்கு வேணும்" என்றாள். குரல் உயரவில்லை. "மனை எங்கப்பா போட்ட நகைய வித்து வாங்குனது. லோன் என் சம்பளத்துல புடிச்சாங்க. உங்களுக்கு பேங்க்ல குடுக்கல."

உண்மை. கூலிக்குத் தைக்கிறவனுக்கு எந்த பேங்க் வீட்டு லோன் கொடுக்கும்? இது எனக்குத் தெரியாததல்ல. வீடு நான் கட்டியது என்று சொல்லிச் சொல்லி, இது மட்டும் எங்கோ அடியில் போய்விட்டது.

"கட்டுனது நான்" என்றேன்.

"நின்னு கட்டுனீங்க. செவுத்துக்கு தண்ணி ஊத்துனது நீங்கதான். அரிசி, பருப்பு, கரண்ட்டு, பாப்பா ஃபீஸு எல்லாம் நீங்கதான் பாத்தீங்க. நான் இல்லன்னு சொல்லல."

இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என் சம்பாத்தியம் முழுக்க அரிசியாகவும் பருப்பாகவும் ஃபீஸாகவும் போயிருந்தது. அதற்கெல்லாம் யாரும் பத்திரம் எழுதுவதில்லை. எங்கள் மகள் அந்த ஃபீஸில் படித்துத்தான் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவளிடம் போய் உன்னில் பாதி என்னுடையது என்று சொல்ல முடியுமா?

"உங்க மிஷின், யூனிட்டு, எதுலயும் நான் கை வெக்கல. ஜீவனாம்சமும் வேணாம்" என்றாள். "எனக்கு சம்பளம் வருது."

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எதுக்கு?"

சிலிண்டரின் திருகைச் சரிபார்த்தாள்.

"நீங்க வேல ஜாஸ்தின்னு யூனிட்லயே தங்கிட்டு வராத நாள்ல எனக்கு நல்லா இருக்கு. மொதல்ல ஒரு நாள் தெரிஞ்சுது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுது."

"அப்ப தெனமும் அங்கயே தங்கிடறேன்" என்றேன், பழக்கதோஷத்தில், ஜோக்காக.

"அதத்தான் சொல்றேன்" என்றாள்.

அது ஒரு காரணமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாயிடம் சொன்னேன். அவர், "வேற ஏதாவது சொல்லியிருப்பாங்க, நீ சரியா கேட்டிருக்க மாட்ட" என்றார். சரியாகத்தான் கேட்டேன்.

ஆம்பூரில் யூனிட்டுக்கு மேலே இருந்த அறைக்கு நான் குடிபோனேன். இருவரும் சம்மதித்துப் பிரிவதானாலும் ஒரு வருடமாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். வாழ்ந்தோம். எனக்கென்று வேறொரு வக்கீல் கிடைத்தார், சின்னப் பையன், என் ஜோக்குக்கெல்லாம் சிரிப்பார். சேர்ந்தே மனு போட்டோம். ஒருவர் சொத்தில் மற்றவருக்கு எவ்வித உரிமையும் கிடையாது என்று அதில் ஒரு வரி இருந்தது. எனக்கு அது பழக்கப்பட்ட வரி. யோசித்துப் பார்க்கச் சொல்லி கோர்ட்டிலேயே ஒரு அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்து மறுபடி கூப்பிட்டார்கள்.

வீட்டைப் பற்றி நீதிபதி எங்களைக் கேட்பார் என்று நான் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் சொந்த விருப்பத்தில்தான் வந்திருக்கிறீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். விவாகரத்து ஆகிவிட்டது. வீடு அவளுடையது, அவள் அதில் இருக்கிறாள். நான் ஆம்பூரில் இருக்கிறேன்.